சந்தன்நகரின் பழைய வீடுகளுக்காகப் புதுச்சேரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மேற்கு வங்கப் பாரம்பரிய ஆணையத்தாருக்கும், சந்தன்நகர் மாநகராட்சி மன்றத்தாருக்கும், அந்நகரின் பழைய வீடுகளுக்கு உரிமையுள்ள குடும்பத்தாருக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

புதுச்சேரியில் பிறந்து, பள்ளியில் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் ஊரின் பெயரை எங்கள் பிள்ளைகள் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்துவிடுவார்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் (உங்கள் சந்தன்நகர்) என்று பிரெஞ்சிந்தியாவின் ஐந்து ஊர்களை வரிசையாகச் சொல்லி முடித்ததும், "ஐயா, மற்ற நான்கும் ஒரே அரசின் கீழ் இருக்கின்றன, அந்த ஐந்தாவது ஊர் எங்கே போயிற்று?" என்று யாராவது ஒரு மாணவர் கேட்காத ஆண்டு இல்லை. அது கங்கைக் கரையில், கல்கத்தாவுக்கு வடக்கே, வங்கத்தோடு சேர்ந்துவிட்டது என்று விடை சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்த விடை எவ்வளவு குறையானது என்பது, ஓய்வுக்குப் பிறகு மூன்று முறை உங்கள் ஊருக்கு வந்து தெருத்தெருவாக நடந்த பின்புதான் எனக்கு விளங்கியது.

இம்மடலைத் தமிழில் வெளியிடுகிறேன். வங்க மொழிபெயர்ப்பு ஒன்றையும் தனியே உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். நான் உங்களிடம் கேட்கப்போவதை எங்கள் ஊரார் பலர் செய்யத் தவறினார்கள் என்பதால், அவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரைச் சாலையில் நிற்கும் பிரெஞ்சு அரசுக் கட்டடங்களை மட்டும் பாரம்பரியம் என்று எண்ணி, அதற்குப் பின்னால் உள்ள தெருக்களில் வங்கக் குடும்பங்கள் கட்டி வாழ்ந்த வீடுகளை விட்டுவிடாதீர்கள். அந்த வீடுகள்தான் உங்கள் நகரத்தின் வரலாறு. அவை ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

கங்கை இவ்விடத்தில் பிறைபோல் வளைவதால் சந்திரனின் பெயர் வந்தது என்பார் சிலர். சந்தன மரத்தால் வந்தது என்பார் வேறு சிலர். சண்டி தேவியின் பெயரால் வந்தது என்பாரும் உண்டு. ஆனால் பழைய வங்காளிகள் வழங்கிய பெயர் ஃபராஷ்டாங்கா, அதாவது பிரெஞ்சுக்காரர்களின் நிலம். 1673இல் அவர்கள் இங்கே முதலில் வந்து, 1688இல் முகலாயரின் அனுமதியோடு நிலையாகத் தங்கினார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் ஓர்லேயான் கோட்டை எழுந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் மஸ்லினும் பட்டும் வெடியுப்பும் இங்கிருந்து கப்பலேறின. 1731 முதல் பத்தாண்டுகள் இங்கே தலைமை வகித்த துய்ப்ளெக்ஸ் இந்த வணிகத்தைப் பெருக்கிய பிறகே எங்கள் ஊருக்கு ஆளுநராக வந்தார். எங்கள் ஊரில் பிறந்த, தமிழ் பேசத் தெரிந்த ழான் அம்மையாரை அவர் 1741இல் மணந்துகொண்டது உங்கள் சந்தன்நகரில்தான். அவருக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகருமாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்த நாட்குறிப்பைப் புரட்டினால், வங்காளத்துக்குப் போன கப்பல்களும் வங்காளத்திலிருந்து வந்த கப்பல்களும் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. அக்காலப் புதுச்சேரிக் கரையில் நின்றவனுக்குச் சந்தன்நகர் தொலைதூர ஊராகத் தோன்றியிருக்காது.

ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது உங்கள் இந்திரநாராயண் சௌதுரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்களுக்குத் துபாஷ் எப்படியோ, உங்களுக்குப் பிரெஞ்சுக் கம்பெனியின் திவான் அப்படி. இருவரும் ஒரே காலத்தவர்கள், ஒரே கம்பெனியோடு வணிகம் செய்து பொருள் ஈட்டியவர்கள். சௌதுரி கட்டிய நந்ததுலால் கோயில் 1740 அளவிலிருந்து இன்றும் நிற்கிறது. வங்க மண்ணுக்கே உரிய குடிசைக் கூரை வடிவத்தைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் கொண்டுவந்த கோயில்களின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. கம்பெனியோடு வணிகம் செய்து பெரும்பொருள் சேர்த்த ஒருவர், தம் தெய்வத்துக்கு இடம் அமைத்தபோது தம் மண்ணின் குடிசையையே மாதிரியாகக் கொண்டார். சந்தன்நகரைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த முதல் திறவுகோல் இந்தக் கோயில்தான். ஆளுநர் மாளிகையிடமிருந்து இதைக் கற்றிருக்க முடியாது.

1757 மார்ச் 23ஆம் நாள் கிளைவின் படையும் வாட்சனின் போர்க்கப்பல்களும் நகரைப் பிடித்தன. கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. சரியாக மூன்று மாதம் கழித்து, ஜூன் 23ஆம் நாள், பிளாசிப் போர் நடந்தது. அதன்பின் நகர் கைமாறிக் கைமாறி, 1816இல் இறுதியாகப் பிரான்சிடம் திரும்பியபோது கோட்டை கட்டக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் திரும்பியது. எனவே இன்று ஆற்றங்கரையில் நாம் பார்க்கும் சந்தன்நகர் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. படையும் கோட்டையும் இழந்த ஓர் ஊரை மீண்டும் ஊராக்கியவர்கள் அங்கே குடியிருந்தவர்களே.

இதற்கு ஆற்றங்கரைச் சாலையே சாட்சி. ஸ்ட்ராண்ட் என்னும் அச்சாலையின் நடுவில் தூண்களோடு அழகாக நிற்கும் படித்துறை மண்டபத்தைப் பார்க்கும் பயணிகள் அதைப் பிரெஞ்சு அரசு கட்டியது என்றே எண்ணுகிறார்கள். 1896இல் பிரான்சின் லெஜியோன் தொனேர் விருதைப் பெற்ற துர்காசரண் ரக்ஷித்தின் நினைவாக அவர் மகன் கட்டியது அது. ஹரிஹர் சேட் என்ற வணிகரும் வரலாற்று ஆர்வலரும் தம் தந்தை பெயரில் நிருத்யகோபால் நினைவு மன்றத்தையும், தாய் பெயரில் கிருஷ்ணபாபினி பெண்கள் கல்விக்கூடத்தையும் நிறுவினார், அருங்காட்சியகத்துக்குத் தம் சேகரிப்பை வழங்கினார். 1884இல் திறக்கப்பட்ட திருஇருதய ஆலயத்தையும், துய்ப்ளெக்ஸ் மாளிகையில் இயங்கும் நிறுவனத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அவை அழகானவை, காக்கப்பட வேண்டியவை. ஆனால் அவற்றைக் காக்கச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், தூதரகங்கள் இருக்கின்றன, படமெடுக்கப் பயணிகள் இருக்கிறார்கள். பின்தெருவில் உள்ள வீட்டுக்காக வாய் திறக்க யார் இருக்கிறார்கள்?

அப்படிப்பட்ட வீடு ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். வங்காளிகள் கார்த்திக் என்றும் நாங்கள் ஐப்பசி என்றும் சொல்லும் மாதத்தில், துர்க்கையின் வடிவமான ஜகத்தாத்ரியின் பூஜைக்காக வந்திருந்தபோது, ஒரு முதிய அம்மையார் என்னைத் தம் வீட்டுக்குள் அழைத்துச் சென்றார். தெருவிலிருந்து பார்த்தால் அது பிரெஞ்சு வீடு என்றே தோன்றும்: உயரமான தூண்கள், அரைவட்ட வளைவுகள், பச்சை வண்ணம் மங்கிய கொர்கொரி என்னும் பலகை அடுக்கு சன்னல்கள். வாசலில் ரோக் என்று அவர்கள் சொல்லும் திண்ணை இருந்தது. மாலையில் அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து பேசுவதற்கென்றே கட்டப்பட்ட அந்தத் திண்ணையைப் பார்த்தவுடன் எங்கள் ஊர் முத்தியால்பேட்டைக்கே வந்துவிட்டது போல் இருந்தது. உள்ளே நுழைந்தால் பிரெஞ்சு வீடு மறைந்துவிடுகிறது. நடுவில் திறந்த முற்றம், அதன் ஒரு பக்கம் ஐந்து வளைவுகளோடு உயர்ந்த மேடையாகத் தாக்குர்தாலான், அதாவது குடும்பத்தின் துர்க்கை பூஜைக்கான மண்டபம். மேல்தளத்தில் முற்றத்தைச் சுற்றி நடைவழி. வீட்டுப் பெண்கள் வெளியார் கண்ணில் படாமல் பூஜையைப் பார்ப்பதற்காக அங்கே பலகைத் தடுப்புகள் இருந்தன.

கூரை கொடி-பொர்கா முறையில் அமைந்தது. தடித்த உத்திரங்களின் மேல் சிறு சட்டங்களை அடுக்கி, அவற்றின் மேல் செங்கல் பாவி, சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் பொடியும் கலந்து இடித்து இறுக்கிய தளம் அது. எங்கள் ஊரில் மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் சொல்வதற்கு நெருங்கிய உறவு. உத்திரங்கள் பர்மாத் தேக்கு என்றார் அம்மையார். அவற்றில் மூன்றாவது உத்திரத்தின் முனை சுவருக்குள் உளுத்துப்போய், ஒரு மூங்கில் முட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. தாலானின் மேல் மூலையில் ஓர் அரசங்கன்று வேர்விட்டு, விரிசல் கைவிரல் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. வீட்டுக்குப் பதினொரு வாரிசுகள், அவர்களில் இருவர் வெளிநாட்டில். எல்லாரும் கையெழுத்திடாமல் எந்தப் பெரிய வேலையும் தொடங்க முடியாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கவில்லை. சிமெண்டால் பூசியவருக்கு அம்மையார் கொடுத்த பணம், அடுத்த மழையில் பூச்சோடு சேர்ந்து உதிர்ந்தது. பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் தன்மையுடையது. சிமெண்டு அந்த மூச்சை அடைத்துவிடும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இந்நிலையில்தான் ப்ரோமோட்டர் வருகிறார். வாரிசுகள் ஒவ்வொருவருக்கும் ஒரு அடுக்ககக் குடியிருப்பும் கையில் ஒரு தொகையும் தருவதாகச் சொல்கிறார். பதினொரு கையெழுத்துகளை அவரே வாங்கிவிடுகிறார். பழுது பார்ப்பதற்குச் சேராத கையெழுத்துகள் இடிப்பதற்குச் சேர்ந்துவிடுகின்றன. இதில் அக்குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நூற்றைம்பது ஆண்டு வீட்டை ஓர் ஓய்வூதியத்தில் தாங்கிக்கொண்டிருப்பவரிடம் பாரம்பரியத்தைப் பற்றி உபதேசம் செய்வது எளிது. அவருடைய கூரையின் கீழ் ஒரு மழைக்காலம் உறங்கிப் பார்த்தால் அந்த உபதேசம் நாவில் வராது.

இந்த வீடுகளின் மதிப்பு அவற்றின் அழகில் மட்டும் இல்லை. உங்கள் நகரின் இன்னொரு வரலாறும் இவற்றுக்குள்தான் நடந்தது. 1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினைக்குப் பிந்தைய ஆண்டுகளில், ஆங்கிலேயக் காவல்துறை அனுமதியின்றி நுழைய முடியாத சிறு நிலமாக இருந்ததால், சந்தன்நகர் விடுதலைப் போராளிகளின் புகலிடமாயிற்று. பிரெஞ்சு ஆட்சி அவர்களை மனமுவந்து காத்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆயுதக் கடத்தலைத் தடுக்க முயன்ற மேயர் தார்திவேலின் வீட்டின் மேல் 1908 ஏப்ரலில் குண்டு வீசப்பட்டதே அதற்குச் சான்று. போராளிகளைக் காத்தவை குடும்பங்களும் அவற்றின் வீடுகளும்தான். இந்த ஊரில் பிறந்து துய்ப்ளெக்ஸ் கல்லூரியில் படித்த கானாயிலால் தத்த, அலிப்பூர்ச் சிறைக்குள் அரசுத்தரப்புச் சாட்சியாக மாறிய நரேன் கோஸ்வாமியைச் சுட்டுக் கொன்று, 1908 நவம்பர் 10ஆம் நாள், இருபது வயதில் தூக்கிலேறினார். ராஷ் பிகாரி போஸ் வளர்ந்ததும் படித்ததும் இங்கேதான்.

1930இல் சிட்டகாங் ஆயுதக்கிடங்குத் தாக்குதலுக்குப் பின் கணேஷ் கோஷ், லோக்நாத் பல், ஜீபன் கோஷால் முதலியோர் தஞ்சம் புகுந்தது கொந்தல்பாராவில் ஒரு சாதாரண வீட்டில். சுஹாசினி கங்குலியும் சசதர் ஆச்சார்யாவும் கணவன் மனைவி போல் குடித்தனம் நடத்தி அவர்களை அங்கே மறைத்து வைத்திருந்தார்கள். செப்டம்பர் மாதத்து இரவொன்றில் கல்கத்தாக் காவல் ஆணையர் டெகார்ட்டின் ஆட்கள் சூழ்ந்துகொண்டபோது ஜீபன் கோஷால் சுடப்பட்டு இறந்தார். அரண்மனை எதிலும் இது நடக்கவில்லை. அடுப்பங்கரையும் கொல்லையும் குளமும் உள்ள வீட்டில் நடந்தது. அத்தகைய வீடுகளை "கட்டடக்கலைச் சிறப்பற்றவை" என்று ஒரு படிவத்தில் எழுதி ஒதுக்கிவிட்டால், அந்த இரவை நாளைய பிள்ளைகளுக்கு எங்கே நிறுத்திக் காட்டுவீர்கள்?

எங்கள் ஊருக்கும் உங்கள் ஊருக்கும் உள்ள ஆழமான உறவும் ஒரு வீட்டில்தான் தொடங்குகிறது. 1910 பிப்ரவரியில் கல்கத்தாவிலிருந்து இரவில் படகேறிக் கங்கை வழியே வந்த அரவிந்தரை உங்கள் ஊர் மோதிலால் ராய் தம் பொறுப்பில் மறைத்து வைத்தார். ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்து, மாற்றுப் பெயரில், துய்ப்ளெக்ஸ் என்ற கப்பலில் ஏறி, ஏப்ரல் 4ஆம் நாள் அவர் புதுச்சேரிக் கரையில் இறங்கினார். 1908 முதல் எங்கள் ஊரில் தஞ்சம் புகுந்திருந்த சுப்பிரமணிய பாரதியும் சீனிவாசாச்சாரியாரும் அவருக்கு இடம் தேடித் தந்தார்கள். பின்னர் பல ஆண்டுகள் அரவிந்தரும் மோதிலால் ராயும் மறைபொருட்சொற்களில் எழுதிக்கொண்ட கடிதங்கள் இரு ஊர்களுக்குமிடையே சென்றுவந்தன. மோதிலால் ராய் நிறுவிய பிரவர்த்தக சங்கத்தின் வளாகத்தில் நான் நின்றபோது, பாரதி நடந்த தெருவில் நிற்கும்போது வரும் அதே உணர்வு வந்தது. ஒரு கொடியின் கீழ் இருந்த இரண்டு சிறு நிலங்கள், அந்தக் கொடிக்குரியவர்கள் எண்ணியிராத வகையில் ஒன்றுக்கொன்று துணை நின்றிருக்கின்றன.

பிறகு வழிகள் பிரிந்தன. நீங்கள் எங்களுக்கு முந்தினீர்கள். 1949 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் உங்கள் மக்கள் மிகப் பெரும்பான்மையாக இந்தியாவோடு சேரத் தீர்ப்பளித்தார்கள். 1950 மே 2இல் ஆட்சி கைமாறியது, 1954 அக்டோபர் 2இல் மேற்கு வங்கத்தோடு இணைப்பு முடிந்தது. எங்கள் கைமாற்றம் அதற்கு ஒரு மாதம் கழித்து, நவம்பர் 1இல்தான் நடந்தது. ஆனால் தனி ஆட்சிப் பகுதியாக நிலைபெற்றதால், எங்கள் பிரெஞ்சுத் தொடர்பு அரசின் அக்கறைக்குரிய பொருளாகவே தொடர்ந்தது. பெரிய மாநிலம் ஒன்றில் ஒரு கோட்டத்தலைநகராகிவிட்ட உங்களுக்கு அந்த வாய்ப்பு குறைந்தது. உங்கள் தேர்வு சரியானதே. அதற்காக நகரின் நினைவு விலையாகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

எங்களிடம் அந்த வாய்ப்பு இருந்தும் நாங்கள் செய்த பிழையை இனிச் சொல்கிறேன். புதுச்சேரியைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலோரப் பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. கிழக்கில் மஞ்சள் சுவரும் வெள்ளை விளிம்பும் உள்ள வீடுகளுக்கு விருந்தினர் விடுதிகள் வந்தன, காப்பிக் கடைகள் வந்தன, அதனால் வண்ணமும் வந்தது. மேற்கில், கீழ்த்தளத்தில் தமிழ்த் திண்ணையும் தூண் தாழ்வாரமும் முற்றமும், மேல்தளத்தில் பிரெஞ்சு வளைவுகளுமாக இரு மரபும் உண்மையிலேயே கைகோத்த வீடுகள் இருந்தன. அவற்றில் நூற்றுக்கணக்கானவை என் ஆசிரியப் பணிக் காலத்திலேயே என் கண்முன் போயின. நான் பாடம் சொன்ன பிள்ளைகள் பலரின் வீடுகள் அவற்றில் அடக்கம். அப்போது நானும் வாய் திறக்கவில்லை. கிழக்கிலும் எல்லாம் தப்பவில்லை. கடற்கரைச் சாலையில் மேரி என்று நாங்கள் அழைத்த பழைய நகராட்சிக் கட்டடம், பார்க்க வேண்டும், செய்ய வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தபோதே 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கட்டியவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் அந்த வாசலில் நிற்கும்போது என் கை தொட்டுப் பழகிய சுவர் அதுவன்று.

உங்கள் ஆற்றங்கரையில் பதிவு அலுவலகக் கட்டடம் சிதைந்து நிற்கும் நிலையைப் பார்த்தபோது எனக்கு மேரியின் கடைசி ஆண்டுகள் நினைவுக்கு வந்தன. அதைச் சீரமைக்கும் பேச்சுகள் நடந்திருக்கின்றன என்பதை அறிவேன். பேச்சு முடியும்வரை மழை காத்திராது. தாங்குகட்டைகளும் தற்காலிகக் கூரையும் உடனே வேண்டும்.

எங்களிடம் நல்ல முன்மாதிரியும் ஒன்று உண்டு. தமிழர் பகுதியில் வைசியாள் வீதி என்னும் கால்வே சுப்பராய செட்டியார் வீதியில், செலவில் ஒரு பங்கை உரிமையாளரும் ஒரு பங்கைத் திட்டமும் ஏற்றுத் தெரு முழுவதும் முகப்புகளையும் திண்ணைகளையும் மீட்டார்கள். தெருவை முழுமையாக எடுத்துக்கொண்டதுதான் அதன் சிறப்பு. ஒரு வீடு அழகாகி இரு பக்கமும் அடுக்ககங்கள் எழுந்தால் அந்த வீடு பொருளிழந்துவிடும். உங்களுக்கு அருகிலேயே, ஆற்றின் கீழ்ப்போக்கில், ஸ்ரீராம்பூர் இருக்கிறது. எங்கள் தரங்கம்பாடியோடு சேர்த்து 1845இல் டென்மார்க் விற்றுவிட்ட ஊர் அது. அங்கே 1806இல் எழுந்த புனித ஓலாவ் தேவாலயத்தை மீட்டெடுத்த பணிக்கு யுனெஸ்கோ 2016இல் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது அளித்தது. டென்மார்க் டாவர்ன் என்ற பழைய விடுதி இடிபாட்டிலிருந்து எழுந்து 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் உங்கள் பாரம்பரிய ஆணையமும் சேர்ந்து செய்த அந்த வேலையில் பயின்ற கைகள் இன்னும் ஹூக்ளி மாவட்டத்தில் இருக்கும். அக்கைகளை இழக்காதீர்கள்.

ஆகவே பாரம்பரிய ஆணையத்தாரிடம் நான் முதலில் கேட்பது வீடு வீடான ஒரு பதிவேடு. வெளி முகப்பைப் படமெடுத்து முடித்துக்கொள்ளும் பட்டியல் போதாது. முற்றம், தாக்குர்தாலான், படித்துறை, கிணறு, கூரை முறை, அவ்வீட்டில் யார் இருந்தார்கள், எந்த ஆண்டு என்ன நடந்தது, எந்தக் காகிதங்கள் பெட்டியில் கிடக்கின்றன என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். சந்தன்நகர்க் கல்லூரி மாணவர்களை இப்பணியில் ஈடுபடுத்தலாம். போராளிகளோடு தொடர்பு இருந்ததற்காக 1908இல் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் பூட்டிக்கிடந்த கல்லூரி அது. தம் ஊரின் வீடுகளை எழுதிவைக்க அதன் மாணவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? பிரெஞ்சு நிர்வாக ஆவணங்களில் பெரும்பகுதி பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் இருக்கிறது. குடும்பங்களின் காகிதங்களோ கறையான் வாயில் இருக்கின்றன. அவற்றைப் படியெடுத்து, அசலை உரியவரிடமே திருப்பித் தரும் ஏற்பாடு வேண்டும்.

மாநகராட்சி மன்றத்தாரிடம் கேட்பது, பழுது பார்ப்பதை இடிப்பதைவிட எளிதாக்குங்கள் என்பதே. பல வாரிசுகள் உள்ள வீட்டில், அங்கே குடியிருக்கும் ஒருவர் விண்ணப்பித்தாலே கூரை, உத்திரம், வடிகால் ஆகியவற்றின் அவசரப் பழுதுக்கு அனுமதி கிடைக்கும்படி வழி செய்ய முடியுமா என்று உங்கள் சட்ட வல்லுநர்களைக் கேளுங்கள். பதிவேட்டில் ஏறிய வீட்டுக்கு வரிச் சலுகை கொடுங்கள். சிறு தொகையானாலும் ஒரு பழுதுநிதி வையுங்கள். ஆற்றங்கரைச் சாலையில் மட்டுமன்றி அதன் பின்தெருக்களிலும் கட்டட உயரத்துக்கு வரம்பு இடுங்கள். சுண்ணாம்பு ஊறவைக்கவும் சுர்க்கி கலக்கவும் தெரிந்த கொத்தனார்கள் உங்கள் பக்கம் குறைந்துவிட்டார்கள் என்றால், கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கும் கலையை இன்னும் கைவிடாத கொத்தனார்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அவர்களில் சிலரிடம் பேசியிருக்கிறேன், வரச் சம்மதிக்கிறார்கள். உங்கள் தச்சர்கள் கொர்கொரி செய்யும் முறையை எங்கள் தச்சர்களுக்குக் காட்டினால் அது எங்களுக்கும் பெரும் உதவி.

சுற்றுலா வளர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பி இந்தப் பணியை முழுவதும் அவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டாம். எல்லா வீடுகளும் விடுதிகளாகிவிட்ட தெருவில் மாலையில் திண்ணையில் உட்கார ஆள் இருப்பதில்லை என்பதை எங்கள் ஊரில் பார்த்தவன் நான். சந்தன்நகருக்கு வரும் கூட்டத்தில் மிகப் பெரியது இன்றும் ஜகத்தாத்ரி பூஜைக்கு வருவது. அதை நடத்துவது ஊராரே. சவுல்பட்டியில் ‘ஆதி மா’ என்று அழைக்கப்படும் ஜகத்தாத்ரி அன்னையைப் பார்க்க நான் அதிகாலையிலேயே வரிசையில் நின்றேன். சிங்கத்தின் மேல் அமர்ந்த நான்கு கை அன்னையின் பின்னே வானளாவ எழுந்த வெண்ணிறப் பின்னணி முழுவதும், எங்கள் தஞ்சையில் நெட்டி என்று சொல்லும் அதே தண்டில் செய்த வேலைப்பாடு. கரைக்கும் இரவில் லாரி லாரியாக நகர்ந்துபோன ஒளிச்சித்திரங்களில் மயில் தோகை விரித்தது, ரயில் ஓடியது. ஸ்ரீதர் தாஸ் போன்றோர் சிறு விளக்குகளையும், செம்புத் தகடு பதித்துச் சுழலும் மர உருளைகளையும் கொண்டு தொடங்கிய கலை இன்று நாடெங்கும் போகிறது. அந்த ஊர்வலம் செல்லும் தெருவின் இரு பக்கமும் உள்ள மாடங்களில் மூன்று தலைமுறைப் பெண்கள் நின்று சங்கு ஊதினார்கள். அந்த மாடங்கள் இல்லாமல் அந்த ஊர்வலத்தை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

குடும்பத்தாரிடம் எனக்கு ஒரே ஒரு சொல்தான். கையெழுத்திடும் முன் வீட்டை ஒரு முறை முழுவதும் எழுதியும் படமெடுத்தும் வையுங்கள், பெட்டியில் உள்ள காகிதங்களை யாருக்காவது காட்டுங்கள். இளம் ரவீந்திரநாதர் தம் அண்ணனோடும் அண்ணியோடும் தங்கிய மோரான் மாளிகையில், ஆற்றுப் படிகள் நேராக அகன்ற தாழ்வாரத்துக்கு ஏறிச் சென்றதை அவர் எழுதிவைத்ததால்தான் நாம் அறிகிறோம். அந்த வீடு இன்று இல்லை. உங்கள் வீட்டுப் படிகளை எழுதிவைக்க ரவீந்திரநாதர் வரமாட்டார், நீங்கள்தான் எழுத வேண்டும்.

உடனடியாக நான் கேட்பது மிகச் சிறியது. நான் சொன்ன அந்த அம்மையாரின் தாக்குர்தாலானில் மூன்றாவது உத்திரம் மூங்கில் முட்டின் மேல் நிற்கிறது. அவர் இசைவோடு முகவரியை வங்க மொழிபெயர்ப்போடு சேர்த்து உங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். வருகிற பருவமழைக்கு முன், பழைய கட்டடம் தெரிந்த ஒரு பொறியாளரை அங்கே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அரசங்கன்றின் வேரை எப்படி எடுப்பது என்று தெரிந்த எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவரை என் செலவில் அழைத்துக்கொண்டு, நீங்கள் குறிக்கும் நாளில் நானும் வருகிறேன்.

மிக்க மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
புதுச்சேரி.